கண்ட குரலும் கேட்ட குரலும்: மானுவேல் கார்சியாவின் குரல்வளை ஆடியும் பாடற்பயிற்சி மரபும்

ஆய்வுச்சுருக்கம்

பாடற்பயிற்சி ஆசிரியரான மானுவேல் கார்சியா (1805–1906) 1854ஆம் ஆண்டில் உயிருள்ள மனிதரின் குரல்வளையைச் சிறு கண்ணாடி ஒன்றின் துணையால் கண்டார். குரல் அறிவியலின் தொடக்கமாக இந்நிகழ்வு போற்றப்படுகிறது. பாடகரின் குரலைக் காக்கும் அவருடைய பயிற்சிமுறை அக்கண்ணாடிக்குப் பல்லாண்டுகள் முன்னரே உருப்பெற்றுவிட்டது என்பதையும், கண்ணாடி பயிற்சிக் கூடத்தைக் காட்டிலும் மருத்துவமனைக்கே மிகுதியும் பயன்பட்டது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. 'குரல் நாண்' என்னும் தமிழ்க் கலைச்சொல்லின் பின்னணியும் உடன் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குரல்வளை, குரல் மடிப்பு, பாடற்பயிற்சி, குரல்நலம், கார்சியா, ஜென்னி லிண்ட், கலைச்சொல்.

முன்னுரை

தமிழ்வழிப் பள்ளிப் பாடநூல்கள் ஒலியியலைக் கற்பிக்கும்போது, மனிதக் குரல் 'குரல் நாண்கள்' அதிர்வதால் பிறக்கிறது என்று கூறுகின்றன. நாண் என்றவுடன் வில்லின் நாணும் யாழின் நரம்பும் நினைவுக்கு வருகின்றன. இருமுனையும் இழுத்துக் கட்டப்பட்டு, நடுவில் மீட்டப்பட்டு அதிரும் ஒன்று என மாணவர் கருதிக்கொள்கிறார். குரல்வளைக்குள் அத்தகைய நாண் எதுவும் இல்லை. அங்கிருப்பவை தசையும் சளிச்சவ்வும் கொண்ட இரு மடிப்புகள். முன்பக்கம் ஒன்றுசேர்ந்தும் பின்பக்கம் விரிந்து சுருங்கும் இயல்புடனும் அமைந்த இம்மடிப்புகளுக்கு உவமை கூற வேண்டுமானால் உதடுகளையே கூற வேண்டும்.

அறிவியல் தமிழ்க் கலைச்சொற்களின் தோற்றத்தை ஆராய்ந்துவரும் இக்கட்டுரையாளருக்கு, இந்த 'நாண்' எங்கிருந்து வந்தது என்னும் வினாவே முதலில் எழுந்தது. அவ்வினா பாரிசுக்கும் இலண்டனுக்கும், தன் குரலை இளமையிலேயே இழந்த ஒரு பாடகரின் வாழ்வுக்கும் இட்டுச் சென்றது. கலைச்சொல் ஆய்வாகத் தொடங்கியது பாடகர் குரல்நலத்தின் வரலாறாக விரிந்தமைக்கு அவரே காரணம். இக்கட்டுரையில் 'குரல் மடிப்பு' என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

உயிரற்ற உடலில் கண்ட நாண்

குரல் எவ்வாறு பிறக்கிறது என்பதை உடலுக்குள் நோக்கி விளக்க முயன்ற பழைய நூல்களுள் தொல்காப்பியமும் ஒன்று. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகிறது என்று பிறப்பியல் கூறுகிறது. அவ்விளக்கத்தில் நாண் இல்லை. காற்றும் அது தங்கும் இடங்களுமே உள்ளன. ஆசிரியர் தம் வாயாலும் மிடற்றாலும் ஒலித்துப் பார்த்து, உள்ளுணர்ந்து எழுதியது அது என்று கொள்வதற்கு இடமுண்டு.

நாண் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்தது. 1741ஆம் ஆண்டில் அந்துவான் ஃபெரெய்ன் என்னும் உடற்கூற்றியலாளர் பாரிசு அறிவியல் கழகத்தில் மனிதக் குரலின் தோற்றம் பற்றி ஓர் ஆய்வுரையை அளித்தார். இறந்த உடல்களிலிருந்து எடுத்த குரல்வளைகளுக்குள் காற்றைச் செலுத்தி ஒலி எழுப்பிப் பார்த்தவர் அவர். குரல்வளையின் விளிம்புகளை நரம்பிசைக் கருவியின் தந்திகளாகவும், மூச்சுக்காற்றை அவற்றை உரசும் வில்லாகவும் அவர் கண்டார். 'குரல் தந்திகள்' என்னும் பெயர் அவரால் நிலைபெற்றது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து நம் பாடநூல்களுக்கும் அப்பெயர் கைமாறி வந்தது. ஃபெரெய்னுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்னரே டெனி தொதார் என்பவர் குரல்வளைத் துளையைச் சீழ்க்கையடிக்கும் உதடுகளோடு ஒப்பிட்டிருந்தார். உண்மைக்கு நெருங்கிய உவமை அதுவே. எனினும் வழக்கில் வென்றது தந்திதான். இசைக்கருவிகளின் ஓசையில் ஊறிய ஒரு காலத்துக்குத் தந்தி எளிதில் புரிந்திருக்க வேண்டும்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குரல்வளையைப் பற்றி அறிந்தவை யாவும் பெரும்பாலும் இறந்தோர் உடலிலிருந்தும் விலங்குகளின் உடலிலிருந்தும் பெறப்பட்டவையே. பாடிக்கொண்டிருக்கும் மனிதனின் குரல்வளையை எவரும் தெளிவாகக் கண்டதில்லை. 1807இல் பிலிப் பொட்சினி மெழுகுதிரியும் கண்ணாடியும் கொண்ட ஒரு கருவியையும், 1829இல் இலண்டன் மருத்துவர் பெஞ்சமின் பாபிங்டன் ஒரு சிறு ஆடியையும் செய்து காட்டினர். இரண்டும் வழக்கத்தில் ஊன்றவில்லை.

குரலை இழந்தோர் காலம்

கார்சியாவின் தந்தையும் மானுவேல் கார்சியா என்னும் பெயருடையவரே (1775–1832). ரோசினி 1816இல் இயற்றிய 'செவில் நகர நாவிதன்' ஓபராவில் அல்மவீவா பிரபு வேடம் அவருக்கென எழுதப்பட்டது. மகள் மரியா மாலிப்ரான், இளைய மகள் போலின் வியார்தோ இருவரும் ஐரோப்பா அறிந்த பாடகியர் ஆயினர். தந்தை கடுமையான ஆசான். 1825இல் குடும்பத்தையே குழுவாக அமைத்துக்கொண்டு நியூயார்க்குக்குச் சென்று, இத்தாலிய ஓபராவை அந்நகரில் அரங்கேற்றினார். இருபது வயதே நிரம்பிய மகன் நாவிதன் ஃபிகாரோவாக நடித்துப் பாடினார். அங்கிருந்து மெக்சிக்கோ சென்று திரும்பும் வழியில் கொள்ளையரிடம் பொருளை இழந்தது அக்குடும்பம். பொருளைப் பின்னர் ஈட்டிக்கொள்ள இயன்றது. மகனின் குரலை மீட்க இயலவில்லை. குரல் உடையும் பருவத்திலும் இடையறாது பாடவைக்கப்பட்டதே அதற்குக் காரணம் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் தரும் செய்தி. 1830க்குள் அவர் மேடையை விட்டு விலகிவிட்டார்.

அவ்வாண்டில் பிரெஞ்சுப் படையோடு அல்ஜியர்ஸ் சென்று திரும்பிய கார்சியா, பாரிசின் படைத்துறை மருத்துவமனைகளில் பணியாற்றிக்கொண்டே தொண்டையின் உடற்கூற்றைப் பயின்றார். கோழி, ஆடு, மாடு ஆகியவற்றின் மூச்சுக்குழல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, தங்கை போலினிடம் துருத்தியைக் கொடுத்து ஊதச் செய்வார். கோழியின் தொண்டை கொக்கரித்தது, ஆட்டின் தொண்டை கத்தியது, மாட்டின் தொண்டை முழங்கியது என்று போலின் முதுமையில் நினைவுகூர்ந்துள்ளார். வேடிக்கையாகத் தோன்றினும், இழந்த குரலின் காரணத்தைத் தேடிய ஒருவரின் முயற்சி இது என்பதை மறத்தல் கூடாது.

குரலை இழந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். ஓபரா அரங்குகளும் இசைக்குழுக்களும் பெருத்துக்கொண்டிருந்த காலம் அது. உச்சச் சுரங்களை மென்மையான கள்ளக்குரலில் தொடுவதே டெனர் பாடகரின் வழக்கமாக இருந்தது. இத்தாலியில் பயின்று திரும்பிய ஜில்பேர் துப்ரே, 1837ஆம் ஆண்டு பாரிசில் 'வில்லியம் டெல்' ஓபராவில் உச்ச ஷட்ஜத்துக்கு இணையான அச்சுரத்தை முழு நெஞ்சுக்குரலில் பாடினார். அவையோர் ஆர்ப்பரித்தனர். அதுவரை பாரிசு ஓபராவின் முதன்மை டெனராக விளங்கிய அடோல்ஃப் நூரி, புதிய பாணியைக் கற்கும் நோக்கோடு இத்தாலிக்குச் சென்றார். அங்குப் பழைய குரலின் நுட்பத்தை இழந்தார். புதியதும் அவருக்கு முழுமையாக வசப்படவில்லை. மனம் நலிந்து, 1839 மார்ச்சில் நேப்பிள்சில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வெற்றிபெற்ற துப்ரேயின் குரலும் சில ஆண்டுகளிலேயே தேயத் தொடங்கியது. ஒரு சுரத்தின் விலை இவ்வளவு என்று அன்றைய பாரிசு அறிந்திருந்தது. ஆயினும் அவையோர் அச்சுரத்தையே விரும்பினர்.

புதிய பாணியை மருத்துவர்களும் கவனித்தனர். லியோன் நகர மருத்துவர்களான திதேயும் பெத்ரெக்கனும் 'இருண்ட குரல்' என்று அதற்குப் பெயரிட்டு 1840இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அதே ஆண்டில் கார்சியா தம் 'மனிதக் குரல் பற்றிய ஆய்வுரை'யை அறிவியல் கழகத்துக்கு அளித்தார். 'பாடற்கலை முழுநூல்' என்னும் பயிற்சி நூலின் முதற்பகுதியையும் வெளியிட்டார். குரல்நிலை, குரல்வண்ணம் என்னும் இரண்டையும் வேறுபடுத்தியமை அவருடைய தனிச்சிறப்பு. ஒரே இயக்கமுறையால் தொடர்ந்து பிறக்கும் ஒரினச் சுரங்களின் வரிசை குரல்நிலை. நெஞ்சுக்குரலும் கள்ளக்குரலும் அத்தகையன. தெளிவு, இருள் என்னும் குரல்வண்ணங்களோ குரல்வளை உயர்வதாலும் தாழ்வதாலும் தொண்டை வடிவம் மாறுவதாலும் அமைவன. அதுவரை பாடகரிடையே மயக்கமாக வழங்கிய இரண்டையும் பிரித்தறிந்த இந்நுட்பம், தொண்டையைத் தொட்டும் செவியால் கேட்டும் கண்டறியப்பட்டது. குரல்வளைக்குள் அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை.

ஆறு வாரம் பேசாதிருந்தவர்

1841ஆம் ஆண்டின் கோடையில் சுவீடனிலிருந்து ஜென்னி லிண்ட் என்னும் இருபது வயதுப் பாடகி பாரிசு வந்து கார்சியாவைக் கண்டார். 1838 மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் நாயகியாக அரங்கேறியவர் அவர். தொடர்ந்து ஓபராக்களிலும் ஊர் ஊராக இசைநிகழ்ச்சிகளிலும் பாடியதில் குரல் கம்மியிருந்தது. கார்சியா முன்னிலையில் பாடத் தொடங்கியவரின் குரல் இடையிலேயே முறிந்தது. இனி உம்மிடம் குரலே இல்லை என்னும் பொருள்படக் கார்சியா கூறிய விடை அவரைக் கலங்கச் செய்தது. ஆனால் ஆசிரியர் அவரை அத்தோடு அனுப்பிவிடவில்லை. ஆறு வாரம் ஒரு சுரமும் பாடக்கூடாது, இயன்றவரை பேசவும் கூடாது, அதன்பின் வந்து பார்க்கலாம் என்றார்.

லிண்ட் அவ்வாறே செய்தார். மொழி தெரியாத நகரில், தனியே, பேசாமல், பிரெஞ்சு இலக்கணப் பயிற்சியில் பொழுதைக் கழித்தார். ஆறு வாரத்துக்குப் பின் மீண்டும் கேட்ட கார்சியா மாணவியாக ஏற்றுக்கொண்டார். வாரம் இருமுறை பாடம். கற்பித்தவை பெரும் பாடல்கள் அல்ல. ஏறுவரிசையும் இறங்குவரிசையும் மெல்ல, மெல்ல. மூச்சை ஓசையின்றி உள்வாங்குதல். ஒரு குரல்நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் பிசிறின்றிக் கடத்தல். முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்று லிண்ட் ஊருக்கு எழுதிய கடிதங்கள் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. ஏறத்தாழப் பத்து மாதம் இவ்வாறு பயின்று 1842இல் ஸ்டாக்ஹோம் திரும்பினார். 1847இல் இலண்டனும் 1850இல் அமெரிக்காவும் அக்குரலுக்காகக் கூடிய கூட்டத்தை வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. நடுத்தாயிச் சுரங்கள் சிலவற்றில் மட்டும் மெல்லிய திரைபோன்ற ஒரு கம்மல் இறுதிவரை தங்கிவிட்டதைக் கேட்டோர் குறித்துள்ளனர். குணம் முழுமையானது என்று கூற முடியாது.

இந்நிகழ்வை இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. குரல்வளை ஆடியின் கதையைக் கூறும் நூல்கள் பலவும் லிண்டை ஓர் அணிகலனாகவே குறிப்பிட்டுக் கடந்துசெல்கின்றன. கால வரிசையை நோக்கினால் நிலைமை வேறாகத் தெரிகிறது. பாடகர் குரலைக் காத்த கார்சியாவின் மிகச்சிறந்த செயல் ஆடிக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முந்தியது. நோய் என்ன என்பதை அவர் செவியால் கணித்தார். ஓய்வும் மெல்லிய பயிற்சியும் மருந்தாயின. லிண்டுக்குக் குரல்மடிப்புக் கணுக்கள் இருந்தன என்று இக்காலத்தார் சிலர் எழுதுவதுண்டு. அறிகுறிகள் அதற்குப் பொருந்துகின்றன என்பது மெய்யே. ஆயினும் 1841இல் அவருடைய தொண்டைக்குள் எவரும் பார்த்ததில்லையாதலின், அது ஊகமன்றிச் சான்றன்று.

ஆறு பிராங்கு ஆடி

1848இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்த கார்சியா, அங்குள்ள அரச இசைக்கழகத்தில் ஆசிரியரானார். 1895 வரை அப்பணியில் இருந்தார். 1854 செப்டம்பரில் விடுமுறைக்குப் பாரிசு வந்திருந்தபோது, பலே ருவயால் வளாகத்தில் உலவிக்கொண்டிருந்த அவருக்கு, இரண்டு ஆடிகளை எதிரெதிரே அமைத்துத் தொண்டைக்குள் ஒளியைச் செலுத்தலாம் என்னும் எண்ணம் திடீரெனத் தோன்றியது. அறுவைக் கருவிகள் செய்யும் ஷாரியேரின் கடைக்குச் சென்று, நீண்ட காம்புள்ள சிறு ஆடி உண்டா என வினவினார். பல் மருத்துவருக்கெனச் செய்யப்பட்டு, 1851 இலண்டன் பொருட்காட்சியில் விலைபோகாத ஒன்று அங்கிருந்தது. ஆறு பிராங்கு கொடுத்து வாங்கினார். ஆவி படியாதிருக்க வெந்நீரில் அதனைச் சூடாக்கி, துடைத்து, உள்நாக்கின்மேல் சாய்த்து வைத்தார். மறுகையில் பிடித்த கண்ணாடியால் ஞாயிற்றொளியை அதன்மேல் வீழ்த்தினார். தம் குரல்வளை அகலத் திறந்திருப்பதைத் தாமே கண்டார்.

சன்னல் கண்ணாடியில் வெயில் தெறித்தது கண்டு அவருக்கு இவ்வெண்ணம் பிறந்தது என்ற பகுதி, பின்னாளில் எழுதப்பட்ட வரலாறுகள் வழிப் பரவியது. 1855ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தில் படிக்கப்பட்ட 'மனிதக் குரல் பற்றிய நோக்கீடுகள்' என்னும் கட்டுரையில் அதற்கு இடமில்லை. அக்கட்டுரை ஆரவாரமற்றது, ஆடியை எவ்வாறு வைப்பது, ஞாயிற்றை நோக்கி எவ்வாறு அமர்வது எனத் தொடங்கி, மூச்சிழுக்கும்போதும் ஒலிக்கும்போதும் மடிப்புகளும் அவற்றின் பின்முனையிலுள்ள குருத்தெலும்புகளும் எவ்வாறு அசைகின்றன என்று விவரிக்கிறது. குரல்வளை மூடி முன்பகுதியை மறைத்ததால் முழுவதையும் காண முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. தந்திக் கொள்கையை அக்கட்டுரை மறுக்கிறது. மடிப்புகள் அடுத்தடுத்துத் திறந்து மூடுவதால் காற்று சிறுசிறு வெடிப்புகளாக வெளியேறுகிறது; அவ்வெடிப்புகளின் ஒழுங்கான தொடரே குரல் என்பது அவர் முடிவு. ஃபெரெய்னின் தந்தி இங்கு அறுந்தது. சொல்லளவில் மட்டும் அது இன்றுவரை அறவில்லை.

மருத்துவ உலகம் உடனே விழித்துக்கொள்ளவில்லை. 1857 கோடையில் வியன்னா மருத்துவர் லுட்விக் டியூர்க் நோயாளிகளிடம் இத்தகைய ஆடியைப் பயன்படுத்த முயன்றார். குளிர்காலம் வந்து வெயில் மங்கியதும் நிறுத்திவைத்தார். அவரிடம் ஆடிகளை இரவல் பெற்ற உடலியங்கியல் அறிஞர் யோஹான் செர்மாக், விளக்கொளியையும் நடுவில் துளையுள்ள குழியாடியையும் சேர்த்து எக்காலத்தும் பயன்படும் முறையாக்கினார். முந்தியவர் யார் என்னும் பூசல் இருவருக்கும் இடையே நெடுநாள் நடந்தது. இடையில் கார்சியா இசை கற்பித்துக்கொண்டிருந்தார். 1862இல் கேனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு மருத்துவ முனைவர் பட்டம் வழங்கியது.

ஆடியைத் தம் மாணவர் பயிற்சியில் அவர் பெரிதும் ஆளவில்லை. முன்னரே கொண்டிருந்த கருத்துகளைச் சரிபார்க்கவே அது உதவியது என்பது, அவரிடம் பயின்று 1908இல் அவர் வரலாற்றை எழுதிய ஸ்டெர்லிங் மெக்கின்லேயின் நூலால் புலனாகிறது. பயிற்சியின் இயல்பை நோக்கினால் இதில் வியப்பில்லை. நாவை வெளியே இழுத்துப் பிடித்து, உள்நாக்கில் ஆடி உறுத்த, குமட்டலை அடக்கிக்கொண்டு ஒருவர் ஓர் உயிரொலியை நீட்டலாமே தவிர, பாட முடியாது. மேலும், கண்ணால் கண்டதைக் கொண்டு மடிப்புகளை விருப்பப்படி இயக்கும் ஆற்றல் எவருக்கும் இல்லை. கையின் விரல்களைப் பார்த்து வீணை பழகுவதுபோல் குரல்வளையைப் பார்த்துப் பாட்டுப் பழக இயலாது.

'குரல்வளைத் தட்டு' பற்றிய மயக்கம்

பார்வை தரும் சொல், பயிற்சியில் எவ்வாறு தீங்காகும் என்பதற்கு ஒரு சான்றுண்டு. சுரத்தைத் தூய்மையாகத் தொடங்குவதற்குக் கார்சியா தம் பயிற்சி நூலில் 'கூ த கிளோத்', அதாவது 'குரல்வளைத் தட்டு', என்னும் சொல்லை ஆண்டார். காற்று வீணாகக் கசியுமுன் மடிப்புகள் நெருங்கிச் சேர்ந்து சுரம் துல்லியமாகப் பிறக்க வேண்டும் என்பதே கருத்து. உதடுகள் சேர்ந்து 'ப்' ஒலிப்பதற்கும் நா அண்ணத்தில் ஒட்டி 'க்' ஒலிப்பதற்கும் அவர் அதனை ஒப்பிட்டார். ஆனால் 'தட்டு' என்னும் சொல்லே அவருக்குப் பகையாயிற்று. ஆசிரியர் பலர் அதனை இருமலை ஒத்த வன்தொடக்கமாகக் கொண்டு மாணவரைப் பழக்கினர். மடிப்புகளை ஒவ்வொரு சுரத்திலும் மோதவிடும் அத்தகைய பழக்கம் குரலுக்குக் கேடானது. மருத்துவரும் பாடகரும் கார்சியாவின் முறையையே பழித்தனர். தொண்ணூறை நெருங்கிய வயதில், 1894இல் வெளியிட்ட 'பாடுதல் பற்றிய குறிப்புகள்' நூலில், நெஞ்சின் தள்ளலோடு அதனைக் குழப்பக்கூடாது என்று மீண்டும் அவர் விளக்க நேர்ந்தது.

குற்றம் கற்பித்தவருடையதா, கற்றவருடையதா? இக்கட்டுரையாளர் கருத்தில், சொல்லுக்கும் அதில் பங்குண்டு. பாடம் நேரில் நடக்கும்போது ஆசிரியர் பாடிக்காட்டுகிறார், மாணவர் பாடுகிறார், ஆசிரியரின் செவி திருத்துகிறது. அச்சில் ஏறியபின் திருத்தும் செவி இல்லை. உறுப்பின் பெயரும் செயலின் பெயரும் மட்டுமே எஞ்சுகின்றன. கார்சியாவிடம் நேரில் பயின்ற மத்தில்தே மார்க்கேசி பிற்காலத்தில் நெல்லி மெல்பா போன்ற பாடகியரை உருவாக்கினார் என்பதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

இலண்டனில் மருத்துவர் லெனாக்ஸ் பிரௌனும் குரற்பயிற்சியாளர் எமில் பென்கேயும் சேர்ந்து 1883இல் 'குரல், பாட்டு, பேச்சு' என்னும் நூலை எழுதினர். பாடும் குரல்வளையின் ஒளிப்படங்களும் அதில் இடம்பெற்றன. தொண்டை நோய்களுக்கென 1863இல் மருத்துவமனை நிறுவிய மொரெல் மெக்கன்சி, 1886இல் 'குரலுறுப்புகளின் நலவியல்' நூலை வெளியிட்டார். நோயறிதலில் ஆடியின் பெருமையை நன்கறிந்த அவரே, குரல் இயங்கும் முறை பற்றி அது புதிய வெளிச்சம் எதையும் தந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை என்று எழுதியது நோக்கத்தக்கது. கட்டியும் புண்ணும் வீக்கமும் ஆடியில் தெரிந்தன, மருத்துவம் வளர்ந்தது. ஒரு பாடகர் ஏன் பாடும்போது இறுகுகிறார் என்பது ஆடியில் தெரியவில்லை.

1905 மார்ச் 17 அன்று கார்சியாவின் நூறாம் பிறந்தநாளை இலண்டனில் கொண்டாடியபோது, பல நாட்டுத் தொண்டை மருத்துவர்கள் திரண்டு வந்தனர். பிரித்தானிய மன்னரும் ஸ்பெயின் மன்னரும் ஜெர்மன் பேரரசரும் விருதளித்தனர். ஜான் சிங்கர் சார்ஜென்ட் அவர் உருவத்தை வரைந்தார். மாணவர்களும் வாழ்த்தினர் எனினும், நாளிதழ்கள் அவரைக் குரல்வளை ஆடியைக் கண்டுபிடித்தவராகவே முதன்மையாகப் போற்றின. அறுபது ஆண்டுக்கு மேல் பாட்டு கற்பித்தவர்க்கு அது முழு நிறைவைத் தந்திருக்குமா என்பது ஐயமே.

கண்ணுக்கு எட்டாத விரைவு

கார்சியாவின் ஆடியால் காண இயலாதது மடிப்புகளின் அதிர்வு. ஒரு பெண் பாடகர் 440 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பாடும்போது மடிப்புகள் நொடிக்கு 440 முறை திறந்து மூடுகின்றன. கண்ணுக்கு அது மங்கலான ஓர் விளிம்பாகவே தோன்றும். விட்டுவிட்டு ஒளிரும் விளக்கை அதிர்வின் வேகத்தோடு இயைத்து, அசைவை மெதுவாக்கிக் காட்டும் முறையை மேக்ஸ் ஓர்ட்டெல் 1878இல் குரல்வளைக்குப் பயன்படுத்தினார். அதன்பின்னும் கொள்கைப் பூசல் ஓயவில்லை. ஒவ்வோர் அதிர்வும் மூளையிலிருந்து வரும் தனித்தனி நரம்புத் துடிப்பால் நிகழ்கிறது என்று 1950இல் ராவுல் யூசோன் வாதிட்டார். மடிப்புகளின் மீள்திறனும் காற்றோட்டமும் கூடியே அதிர்வு நிகழ்கிறது என்பதை 1958இல் வான் டென் பெர்க் விளக்கியபின் அவ்வாதம் வலுவிழந்தது. கார்சியா சொன்ன 'சிறு வெடிப்புகள்' இங்குத் திருத்தமான வடிவம் பெற்றன. 1974இல் மினோரு ஹிரானோ, மடிப்பு ஒரே பொருளால் ஆனதன்று, தசையாலான உடலும் அதன்மேல் தளர்ந்து நெகிழும் உறையும் கொண்டது என்று காட்டினார். உறை அலையலையாக நெளிவதே குரலின் உயிர். நாண் என்னும் உவமை இதற்கு மேலும் பொருந்தாமற் போகிறது.

குரல்நலத்துக்கு இவ்வறிவு நேரடியாகப் பயன்படுகிறது. உரக்கவும் நெடுநேரமும் பாடும்போது மடிப்புகளின் நடுப்பகுதி மீண்டும் மீண்டும் மோதி, உறை தடித்துக் கணுக்கள் தோன்றுகின்றன. நீர்ச்சத்துக் குறைந்தால் உறை எளிதில் நெளியாது, அதே சுரத்துக்குக் கூடுதல் மூச்சழுத்தம் தேவைப்படுகிறது. மறுபுறம், பயின்ற ஓபராப் பாடகர் இசைக்குழுவை மீறிக் கேட்பதற்கு வலிந்த அழுத்தம் காரணமன்று. 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் ஒலியாற்றலைத் திரட்டும் தொண்டை வடிவமே காரணம் என்பதை யோஹான் சுந்த்பெரி 1970களில் நிறுவினார். குரல்வளையைத் தாழ்த்துதல் இதற்குத் துணைபுரிகிறது. 1840இல் கார்சியா 'இருண்ட வண்ணம்' என்று பிரித்துக் காட்டியதும், நூரி நேப்பிள்சில் தேடியதும் இதனோடு தொடர்புடையவை எனலாம்.

1969இல் வில்பர் ஜேம்ஸ் கூல்டு என்னும் தொண்டை மருத்துவர் நியூயார்க்கில் குரல் அறநிறுவனம் ஒன்றை நிறுவி, பாடற்பயிற்சி ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் பேச்சுப் பயிற்சியாளர்களையும் ஒலியியலாளர்களையும் ஆண்டுதோறும் ஒரே அவையில் கூட்டத் தொடங்கினார். இன்று கணுக்களோடு வரும் பாடகர்க்கு, மேலைநாட்டுக் குரல் மருத்துவமனைகளில் முதலில் பரிந்துரைக்கப்படுவது குரற்பயிற்சியே. அறுவை அதற்குப் பின்னர்தான். துடிப்பொளிக் கருவியால் மருத்துவர் பார்க்கிறார். எந்தச் சுரத்தில் எவ்வாறு இறுகுகிறது என்பதைப் பயிற்சியாளர் கேட்கிறார். வாரக்கணக்கான முழு மௌனத்தை இப்போது எளிதில் எவரும் விதிப்பதில்லை. அறுவைக்குப் பின்னும் முழு ஓய்வு பெரும்பாலும் சில நாள்களே. அதன்பின் மெல்லிய ஒலிப்புப் பயிற்சி தொடங்கப்படுகிறது. லிண்டுக்கு விதித்த ஆறு வாரம் இன்றைய மருத்துவருக்கு மிகையாகத் தோன்றலாம். அவர் மீண்டும் வந்தபின் கற்பிக்கப்பட்ட மெதுவான வரிசைகளும் ஓசையற்ற மூச்சும் இன்றைய பயிற்சிப் பட்டியலிலும் உள்ளன.